வெற்றிலை வரிசையும் தண்ணீர் வரிசையும்

எங்கள் அலுவலகம் மட்டக்களப்பு நகரில், வாவிக்கரைப் பக்கமாக, ஒரு தையல் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. ஐந்து பேர் வேலை செய்கிறோம். இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றும், மற்றது சத்தம் மட்டும் போடும். பொறுப்பாள் நான்தான். பொறுப்பாள் என்று மாதக் கடைசியில் எனக்குப் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. மற்றவர்களைக் கோபிக்கலாம், அவ்வளவுதான். அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

வாவிக்கு மேற்கே உள்ள பக்கத்தைப் படுவான்கரை என்போம். வவுணதீவும் அதைத் தாண்டி விரியும் வயல்களும் அந்தப் பக்கம். அங்குள்ள விவசாயிகள் சங்கம் ஒன்றுக்காக நாங்கள் ஓர் இணையத்தளத்தைப் பராமரிக்கிறோம். பார்க்க அழகான தளம் என்று சொல்லமாட்டேன். அதற்கு ஒரே ஒரு வேலைதான். மாரி காலத்தில் தண்ணீர் ஏறப்போகிறது என்றால், ஒவ்வொரு வட்டையிலும் வயல் செய்கிறவர்களின் கைப்பேசிக்கு முன்கூட்டியே செய்தி அனுப்ப வேண்டும். வட்டை என்பது சேர்ந்து கிடக்கும் வயல்களின் ஒரு தொகுதி. தண்ணீர் முறை, வேலி, மாடு என்று அந்த வட்டையின் காரியங்களைப் பார்க்க ஒரு விதானையார் இருப்பார். சங்கத்தில் இருப்பவர் தளத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் மிச்சத்தைச் சேர்வர் பார்த்துக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

சேர்வர் தானாக எதையும் பார்ப்பதில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் அதற்குள் எழுதிச் சேர்த்துவிட்டுப்போன நீட்சிகள்தான் எல்லாவற்றையும் பார்த்தன. ஒன்று, பழைய எழுத்துருவில் தட்டியதை யுனிகோடாக மாற்றும். ஒன்று, எந்த வட்டைக்கு எந்த எண்கள் என்று எடுத்துக் கொடுக்கும். இன்னொன்று, செய்தியை அனுப்பும். வேறு சிலவும் இருந்தன, அவை என்ன செய்கின்றன என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். எழுதியவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். நீட்சிகள் மட்டும் ஊரில் இருந்தன.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தச் சேர்வர் மென்பொருளைச் செய்கிறவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். புதிய பதிப்பு பழைய நீட்சிகளை ஏற்காது, எல்லாவற்றையும் புதிய ப்ளகின் முறைக்கு மாற்ற வேண்டும், பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அவர்கள் குறித்த நாள் எங்கள் மாரியோடு வந்து முட்டியது. எனக்குத் தலையிடி தொடங்கியதும் அன்றுதான்.

ஒரு குறுக்குவழி இருந்தது. பழைய நீட்சிகளை அப்படியே புதிய சேர்வருக்குள் வைத்து ஓட்ட ஓர் இடைத்தட்டைக் கொடுத்திருந்தார்கள். கொஞ்சக் காலத்துக்கு அது தாங்கும். அதைப் போட்டுவிட்டு மாரி முடியும்வரை நிம்மதியாக இருப்போம் என்பது என் திட்டம். இந்த வேலையை யாரிடம் கொடுத்தேனோ, அவள் முடியாது என்றாள்.

அவள் என்னைவிடச் சில வயது இளையவள். வவுணதீவுப் பக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வருகிறாள். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு தேநீர் குடித்து, அதற்குப் பிறகுதான் வாய் திறப்பாள். புருசன் வயல் செய்கிறவர். அவர்களுடைய வயல் வாவியோரத்து வட்டையில் இருக்கிறது. யானைக் காவலுக்காக அவரும் அவருடைய தம்பியும் வயலிலேயே வாடி என்னும் குடிசை போட்டுத் தங்குவார்கள். போன மாரியில் கடலுக்குத் திறக்கும் முகத்துவாரம் மண் மூடிக் கிடக்க, வாவி நிரம்பிப் பின்னுக்கு ஏறியது. தண்ணீர் வாடிக்குள் வந்து, வெளியே போகும் மண்பாதையும் மூழ்கிய பிறகுதான் அவர்களுடைய கைப்பேசிக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. இரண்டு பேரும் பரணில் ஏறி உட்கார்ந்திருந்து, தண்ணீர் வற்றாததால் கடைசியில் தோணியில்தான் வெளியே வந்தார்கள். எல்லாரும் சிக்னல் இல்லை என்று கைப்பேசிக் கம்பனியைத் திட்டினோம். நானும் வாய்நிறையத் திட்டினேன். அவள் மட்டும் திட்டவில்லை.

"அக்கா, இத அப்பிடியே தூக்கிப் புதுசுக்குள்ள வைக்க ஏலா," என்றாள்.

"ஏன் ஏலா? அவங்களே வழி தந்திரிக்காங்களே."

"உள்ள என்ன கிடக்கெண்டு நமக்குத் தெரியா. தெரியாததக் கொண்டுபோய் எப்பிடி வைக்கிற? எங்கட அவரு இந்த மாரியும் வாடியிலதான் இரிப்பாரு. நான் ஒவ்வொண்டா வாசிச்சுப் புதுசா எழுதுறன்."

"மாரிக்கு முதல் முடியுமா புள்ள?"

"முடிக்கோணும்."

நான் கத்தினேன். கீழே தையல் மெசின் ஒருகணம் நின்றது, அந்த அளவுக்குக் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் களைத்ததும் தன் மேசைக்குப் போய் முதல் நீட்சியைத் திறந்தாள். எனக்கு அவள்மேல் மதிப்பு வரத் தொடங்கியது அந்த நேரம்தான், கோபத்தோடு கோபமாக.

வேலையை அவள் செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நீட்சியை வாசித்து முடிக்கும்வரை ஒரு வரிகூடப் புதிதாக எழுதமாட்டாள். வாசித்து முடித்ததும், அது என்ன செய்கிறது என்பதை எங்கள் தையல் கடைக்காரருக்கும் விளங்கும்படி ஒரே வசனத்தில் சொல்லிப்பார்ப்பாள். வசனம் சரியாக வராவிட்டால் மறுபடியும் வாசிப்பாள். வசனத்தில் 'உம்' என்று இரண்டு வேலைகள் சேர்ந்து வந்தால் அதை இரண்டு ப்ளகின்களாகப் பிரிப்பாள். நானெல்லாம் ஓடுகிற நிரலைத் தொடாதே என்று பழகிய ஆள். ஓடுகிறது என்பதற்காகவே அவள் அதைச் சந்தேகப்பட்டாள்.

பழைய முறையில் நீட்சிகள் கூட்டுக்குடும்பம்போல இருந்தன. யாரும் யாருடைய அறைக்குள்ளும் போகலாம், எதையும் எடுக்கலாம். புதிய முறையில் ஒவ்வொரு ப்ளகினும் தனக்கு என்ன வேண்டும், எந்தக் கட்டத்தில் தன் வேலை வருகிறது என்பதை முன்னமே சொல்லிவிட வேண்டும். சொல்லாத ஒன்றைத் தொட்டால் சேர்வர் அதை நிறுத்திவிடும். அரசாங்கக் காரியத்துக்குக் கச்சேரிக்குப் போனாலும் இவ்வளவு கேட்கமாட்டார்கள் என்று நான் புறுபுறுத்தேன். அவளுக்கோ அது பிடித்திருந்தது.

"இப்பதான் அக்கா ஒவ்வொண்டும் தான் என்ன செய்யிறனெண்டு வாயால சொல்லுது," என்றாள்.

மழைக்கு முன்னரே எல்லாம் முடிந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. அலுவலகத்தில் எங்கள் எல்லாருடைய கைப்பேசிகளையும் மேசையில் பரப்பி வைத்துச் சோதித்தோம். சங்கத்துக்காரர் எழுதுவதுபோல ஒரு வரி எழுதினோம். எல்லாக் கைப்பேசியும் ஒன்றாகக் கிணுகிணுத்தது. நான் கைதட்டினேன். பக்கத்துக் கடையில் ரோல்ஸ் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். அவள் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடாமல் நின்றாள்.

"என்ன இப்ப?" என்றேன்.

"எந்த வட்டைக்கு முதல் போகும் அக்கா?"

"எல்லாத்துக்கும்தான் போகுதே."

"இஞ்ச நாலஞ்சு போன். அங்க எத்தின ஆயிரம் பேர். அனுப்புற வழி ஒண்டுதான், ஒண்டொண்டாத்தான் போகும். விடியக் காலத்தால தொடங்கினா கடைசி ஆளுக்குக் கிடைக்கப் பகலாகும். அப்ப முதல் ஆர், கடைசி ஆரெண்டு எங்கயாவது சொல்லியிரிக்கோணுமே. பழைய நீட்சியில வரிசையப் பத்தி ஒரு சொல் இல்ல."

பார்த்தோம், அப்படித்தான் இருந்தது. பழைய நீட்சி, எண்கள் பதியப்பட்ட ஒழுங்கில் மேலிருந்து கீழாகப் போயிருக்கிறது. அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. புதிய ப்ளகினோ எந்த எண் முதலில் கையில் வருகிறதோ அதற்கு அனுப்பியது. என் இடைத்தட்டைப் போட்டிருந்தால் இந்தக் கேள்வி யாருக்கும் வந்திருக்காது. திரை எல்லாம் சரி என்று பச்சை காட்டியிருக்கும், போன மாரியில் நடந்ததே இந்த மாரியிலும் நடந்திருக்கும்.

எண்களை முதன்முதலில் பதிந்தவர் எங்களோடு வேலை செய்த ஒரு தம்பி. இப்போது கட்டாரில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அழைத்து, எந்த ஒழுங்கில் எண்களை எடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"விதைப்புக்கு முந்தின கூட்டத்தில வெச்சு எடுத்தன் அக்கா. வெத்திலை வட்டா எந்த வழியால போச்சோ, அதுக்குப் பின்னால நானும் போனன். ஆருக்கு முதல் நீட்டினாங்களோ அவர்ர வட்டை முதல். மாறி எடுத்திரிந்தா அண்டைக்கே சண்டை வந்திரிக்கும்."

வட்டா என்பது வெற்றிலை வைத்து நீட்டும் பித்தளைத் தட்டு. எங்கள் பக்கத்தில் அதை யாருக்கு முதலில் நீட்டுவது என்பது சின்னக் காரியம் இல்லை. கோயிலில் யாருக்கு முதல் மரியாதையோ அவருக்குத்தான் கூட்டத்திலும் முதல் வெற்றிலை. அந்த மரியாதை பழைய குடிகளுக்கு உரியது. பழைய குடிகள் முதலில் வந்து மேட்டு நிலத்தில் வயல் வெட்டியவர்கள். வாவியோரத்து வட்டைகள் பிறகு வந்தவை, வட்டா அங்கே வந்து சேரும்போது பாக்கும் முடிந்திருக்கும். ஆக, ஒவ்வொரு மாரியிலும் எங்கள் சேர்வர் கால் நனையாதவர்களை முதலில் மரியாதையாக எச்சரித்துவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர்களுக்குக் கடைசியாகச் சொல்லியிருக்கிறது. யாரும் கெட்ட மனதோடு செய்ததில்லை. ஊர் வழக்கம் தெரிந்த ஒருவர், யாரையும் நோகடிக்காமல் செய்த வேலை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அவளுடைய புருசன் பரணில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் சிக்னல் அல்ல. அதைத் தெரிந்துகொண்டபோதும் அவள் ஒருவரையும் ஏசவில்லை.

"கூட்டத்தில கேப்பம் அக்கா," என்றாள். "நாமளே இஞ்ச இருந்து வரிசை போட்டா, நான் என்ட வயலுக்காகப் போட்டனெண்டுதான் வரும்."

சங்கத்தின் கூட்டத்துக்கு நானும் போனேன். விதானையார்மார் எல்லாரும் இருந்தார்கள். வட்டா சுற்றி முடிந்ததும் அவள் எழுந்து நின்றாள். நான் என்றால் சேர்வர், ப்ளகின் என்று தொடங்கி எல்லாரையும் தூங்க வைத்திருப்பேன். அவள் போன மாரியில் எந்த வட்டைக்கு எப்போது தண்ணீர் வந்தது, எப்போது செய்தி வந்தது என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல மண்டபத்தில் பேச்சு குறைந்தது. அதன் பிறகுதான் எண்கள் எடுத்த கதையைச் சொன்னாள்.

முதல் வெற்றிலை எடுத்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "அப்ப, புது முறையில எனக்கு எப்ப வரும், மகள்?"

"வாவி ஏறினா உங்களுக்குக் கடைசியாத்தான் வரும் மாமா. உங்கட வட்டை மேடு."

யாரோ பின்னால் செருமினார். அந்தப் பெரியவர் மென்றதை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"வெத்திலைய எனக்கு முதல் தாங்க. விசளத்தக் கரையில கிடக்கிறவனுக்கு முதல் குடுங்க. ஆனா, இத என்ட வீட்டில போய்ச் சொல்லிப்போடாதீங்க."

விசளம் என்றால் செய்தி. மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஆற்றோரத்து விதானையார் ஒருவர் கை உயர்த்தினார். தண்ணீர் எப்போதும் வாவியால் வருவதில்லை, மேற்கே குளத்துக் கதவைத் திறந்தால் அது வேறு கதை என்றார். அப்போது முதலில் தண்ணீருக்குள் போவது ஆற்றோரத்து வட்டைகள், பிறகு தாம்போதி என்கிற தாழ்பாலம் மூழ்கி மேட்டு வட்டைகளின் பாதை அடைபடும், வாவியோரத்துக்குத் தண்ணீர் வர நேரமிருக்கிறது. இதைக் கேட்டு நான் சோர்ந்துபோனேன். அவளுக்கு முகம் மலர்ந்தது. அப்படியென்றால் இரண்டு வரிசை வேண்டும், வாவியால் ஏறினால் ஒன்று, குளத்தால் வந்தால் ஒன்று என்றாள். அங்கேயே எல்லாருமாகப் பேசி இரண்டையும் ஒழுங்குபடுத்தினார்கள்.

"குளத்துத் தண்ணிக்கு ஆர் கடைசி?" என்று யாரோ கேட்டார்.

"நாங்கதான்," என்றாள். "எங்கட வட்டை."

அலுவலகத்துக்கு வந்து அதற்கென்றே தனியாக ஒரு ப்ளகின் எழுதினாள். அனுப்புகிற ப்ளகினுக்குள் அதைப் புதைக்கவில்லை. எந்தத் தண்ணீருக்கு எந்த வரிசை என்று சங்கத்தில் இருக்கும் யாரும் திறந்து பார்க்கலாம், கூட்டத்தில் பேசி மாற்றலாம். புதிய முறையில் அனுப்புவதற்கு முந்தின கட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தாள். நான் எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன். கெட்டிக்காரர் நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன். ஒரு நிரலை எழுதும்போது அதன் அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆளை இப்படி மறக்காமல் வைத்திருந்தவளை நான் கண்டதில்லை.

மாரி பிடித்தது. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், குளத்துக் கதவுகளைத் திறக்கப்போகிறார்கள் என்று சங்கத்துக்காரர் தளத்தில் எழுதினார். புதிய சேர்வருக்கு அதுதான் முதல் உண்மையான நாள். நாங்கள் எல்லாரும் திரைக்கு முன்னால் கூடினோம். செய்தி போய்ச் சேர்ந்த வட்டை பச்சையாக மாறும். ஆற்றோரத்து வட்டைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. அவளுடைய புருசனும் அவருடைய தம்பியும் வாடியில் இருந்தார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மேட்டு வட்டைகள் தொடங்கும் இடத்தில் பச்சை அசையாமல் நின்றது. மழைக்கு அனுப்பும் வழி இன்னும் மெதுவாகியிருந்தது. நான் திருப்பித் தொடக்கு என்றேன். "நிக்கல்ல அக்கா, மெதுவாப் போகுது. தொட்டா முதல்ல இருந்து போகும்," என்றாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"அவருக்கு ஒரு கோல் எடு புள்ள. உனக்கென்ன பைத்தியமா?"

"வைங்க அக்கா."

"ஏன்?"

"எங்கட வட்டையில எத்தின பேர் வாடியில இரிக்காங்க. அவங்களுக்குக் கோல் எடுக்க இந்தக் கதிரையில ஆரு இரிக்கா? எனக்கு மட்டும்தான் இந்த இடம் கிடைச்சிரிக்கு. அவங்களுக்கு வாற நேரத்திலதான் இவருக்கும் வரோணும். அப்பதான் அது சரியா வேலை செய்யுதெண்டு எனக்குத் தெரியும். தண்ணி தாம்போதிய மூடிட்டெண்டு விசளம் வந்தா, அதுக்குப் பிறகு பாக்கமாட்டன், நானே எடுப்பன்."

சொல்லி முடித்த பிறகும் அவளுடைய கைகள் மடியிலேயே இருந்தன. நான் நீட்டிய கைப்பேசியைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். அதைவிடப் பாரமான பொருளை நான் தூக்கியதில்லை.

பச்சை மறுபடி நகர்ந்தது. ஒரு மேட்டு வட்டை, இன்னொன்று, பிறகு வாவிப் பக்கமாக இறங்கியது. தேநீர் கொண்டுவந்தவர் அதை வைக்க இடம் கேட்கவும் பயந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றுக்கும் கடைசியாக வாவியோரத்து வட்டை பச்சையானது. யாரும் கைதட்டவில்லை. திரையில் பச்சை வருவதும் வாடியில் இருக்கிறவர்கள் வெளியே வருவதும் ஒன்றில்லை. அவள் தன் கைப்பேசியை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அது அடித்தது. மழைச் சத்தத்துக்காக அவர் கத்திப் பேசினார், எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"விசளம் வந்திட்டு. ட்ரக்டர் றோட்டுக்கு ஏறிட்டு. தம்பியும் என்னோடதான். நம்மட வட்டையில எல்லாரும் வெளிக்கிட்டாங்க, ஒருத்தரும் உள்ள இல்ல. தண்ணி இன்னும் வரல்ல."

"ஓம்," என்றாள் அவள்.

"போனோடதான் இருந்தன், நீ எடுப்பாயெண்டு. ஏன் எடுக்கல்ல?"

அவரிடம் கோபம் இல்லை, கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள்.

"நீங்கதான் கடைசி," என்றாள். "உங்களுக்கு நேரத்துக்கு வந்தா எல்லாருக்கும் வந்திரிக்கும். அதான் பாத்துக்கொண்டிருந்தன்."

பாதையைப் பார்த்து வரச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். நான் கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.